காலத்தில் படைப்பதே நிறைவு

தஞ்சாவூரில் எனக்குத் தெரிந்த அம்மையார் ஒருவர், தம் இல்லத்துக் கூடத்திலேயே தஞ்சாவூர் ஓவியங்கள் தீட்டித் தரும் தொழிலை நடத்தி வருகிறார். கணவர் மறைந்த பின்பு இரு பெண்களையும் கரையேற்றியது அந்தத் தூரிகைதான்.

மராட்டிய மன்னர் காலத்தில், சிறப்பாக 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் காலத்தில், செழித்து வளர்ந்த கலை அது. பலகையின் மேல் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் கலந்து பூசி, உலர்ந்ததும் வழவழப்பாகத் தேய்த்து, அதன்மேல் திருவுருவத்தை வரைவார்கள். பிறகு கற்களைப் பதித்து, அணிகலன்களையும் மண்டபத்தையும் புடைப்பாக எழுப்பி, அவற்றின்மேல் மெல்லிய தங்க ரேக்கை ஒட்டுவார்கள். வண்ணம் அதற்குப் பின்பே. அந்த அம்மையாரின் வழக்கப்படி, திருமுகத்தின் கண்கள் எல்லாவற்றுக்கும் கடைசி.

சில ஆண்டுகளுக்கு முன், பெரியவர் ஒருவர் தம் சதாபிஷேகத்துக்காக ஸ்ரீராம பட்டாபிஷேகத் திருவுருவம் ஒன்று தீட்டித் தருமாறு கேட்டார். வைபவம் தை மாதத்தில். ஆவணியிலேயே முன்பணமும் தந்துவிட்டார். மார்கழிக்குள் படம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. சீதாப்பிராட்டியின் கண்கள் மட்டும் அம்மையாரின் மனத்துக்கு இசையவில்லை. ஒருநாள் பார்வையில் கருணை குறைவதாகத் தோன்றும். மறுநாள் ஓர் இமை மயிரிழை தாழ்ந்திருப்பதாகத் தோன்றும். அழித்தார், மீண்டும் எழுதினார், மீண்டும் அழித்தார்.

தை வந்தது. “இன்னும் நான்கே நாள்” என்று தொலைபேசியில் சொன்னார். முகூர்த்தம் நான்கு நாள் காத்திருக்குமா? அந்தப் பெரியவர் நாள்காட்டியில் வந்த ராமர் படத்துக்கு மாலை சூட்டி, அதன் முன்னிலையில் வைபவத்தை நிறைவேற்றிக்கொண்டார். வெட்கத்தால் அம்மையார் அங்கே செல்லவில்லை.

பங்குனியில் ஒருநாள், பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டு பெரியவரே வந்தார். கண்ணில் நீர் அழுத்த நோய். பார்வை நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தது. படத்துக்கு மிக அருகில் அமர்ந்து நெடுநேரம் பார்த்தார். அம்மையார் பதறி, இமையில் உள்ள பிழை, அழித்த இடத்தில் வண்ணம் தடித்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.

“நீங்க சொல்றதாலதாம்மா குறையெல்லாம் தெரியுது. எனக்கு ராமர் தெரியறார். தையிலே இன்னும் நல்லாத் தெரிஞ்சிருப்பார்” என்றார் பெரியவர்.

அதில் சினம் இல்லை. ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை என்று அம்மையார் என்னிடம் சொன்னார். “பகவானுக்குக் குறையில்லாமல் செய்யணும்னுதான் நெனச்சேன். யோசிச்சுப் பார்த்தா, என் பேருக்குக் குறை வரக்கூடாதுங்கிற பயம்தான் அதுக்குள்ளே இருந்தது” என்றார். அந்த அச்சத்தால் தொழிலும் நலிந்திருந்தது. படம் கைமாறினால்தான் மீதிப்பணம் வரும். தங்க ரேக்கோ கடன் வாங்கிய பணத்தில் வந்தது. ஐந்து படங்கள் முடிவுறாமல் சுவரில் சாய்ந்திருந்தன.

பூஜையே கற்றுத் தரும் பாடம்

இதற்கு மருந்து நம் இல்லத்துப் பூஜையிலேயே இருக்கிறது. பூஜையின் தொடக்கத்தில் சங்கல்பம் செய்கிறோம். இன்ன ஆண்டு, இன்ன அயனம், இன்ன மாதம், இன்ன பட்சம், இன்ன திதி என்று காலத்தைச் சொல்லி, இன்னது செய்யப்போகிறேன் என்று உறுதி கொள்கிறோம். அன்று கிடைத்த மலரையும் நைவேத்தியத்தையும் கொண்டு வழிபடுகிறோம். முடிவில், மந்திரத்திலோ கிரியையிலோ பக்தியிலோ நேர்ந்த குறைகளைப் பொறுத்தருள வேண்டுகிறோம். பிழை நேரும் என்பதை முன்பே எண்ணிப் பார்த்து, அதற்கும் இடம் ஒதுக்கி வைத்தவர்கள் நம் முன்னோர்.

திருக்கோயில்களிலும் இதுவே முறை. ஆண்டு முழுவதும் நடந்த வழிபாட்டில் அறிந்தும் அறியாமலும் நேர்ந்த குறைகள் நீங்கப் பவித்ரோத்ஸவம் நடத்துகிறார்கள். இடையில் நின்றுபோயிருந்த இந்த உற்சவம் திருமலையில் 1962இல் மீண்டும் தொடங்கப்பட்டு, ஆண்டுதோறும் மூன்று நாள்கள் நடைபெறுகிறது. குறை நேர்ந்துவிடும் என்று அஞ்சி அங்கே வழிபாட்டை நிறுத்தி வைப்பதில்லை.

மொட்டைக் கோபுரமும் முற்றுப்பெறாத திருமேனியும்

திருவரங்கத்துத் தெற்கு ராஜகோபுரத்தை நம்மில் பலர் மொட்டைக் கோபுரமாகக் கண்டவர்கள். விஜயநகர மன்னர் காலத்தில் தொடங்கிய அத்திருப்பணி நின்றுபோய், சுமார் 400 ஆண்டுகள் அடித்தளத்தோடு நின்றது. அகோபில மடத்து 44ஆம் பட்டம் அழகியசிங்கரின் பெருமுயற்சியால் 13 நிலைகளும் 236 அடி உயரமுமாக எழுந்து, 1987இல் குடமுழுக்குக் கண்டது. இடைப்பட்ட அத்தனை காலமும் அரங்கன் புறப்பாடு நின்றதா? வைகுண்ட ஏகாதசி நின்றதா? முடியாத வாயிலின் வழியேதான் தலைமுறை தலைமுறையாக அடியார்கள் உள்ளே சென்றார்கள்.

பூரி ஜகந்நாதரின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. முதிய தச்சராக வந்தவர், வேலை முடியும்வரை கதவைத் திறக்கலாகாது என்று விதித்தார். உள்ளே ஓசை அடங்கியதும் மனம் பொறாத இந்திரத்யும்ன மன்னன் கதவைத் திறக்க, கைகள் முற்றுப்பெறாத திருமேனிகளே இருந்தன என்பது தல வரலாறு. மன்னனின் அவசரம் பிழைதான். ஆனால் இறைவன் அந்தத் திருமேனியைத் தள்ளவில்லை, அவ்வாறே எழுந்தருளினான். நவகளேபரத்தில் புதிய மரத்தால் திருமேனி அமைக்கும்போதும் அந்த வடிவமே தொடர்கிறது. 2015இலும் அப்படியே அமைந்தது.

கீதையின் 18ஆம் அத்தியாயம் 48ஆம் சுலோகத்தின் கருத்தும் இதற்கு இயைந்ததே: நெருப்போடு புகைபோல எல்லாத் தொழிலோடும் ஏதோ ஒரு குறை சேர்ந்தே வரும், அதன் பொருட்டுத் தனக்குரிய கருமத்தைக் கைவிடலாகாது.

அலட்சியத்துக்கு இடமில்லை

எப்படியேனும் செய்து தள்ளலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அம்மையார் இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். அதில் ஒருபக்கம் ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை: தங்க ரேக்கின் தூய்மை, பலகையின் உறுதி, திருவுருவின் அளவு, ஆயுதங்களும் முத்திரைகளும் மரபுப்படி இருத்தல். மறுபக்கம் ஒருமுறை திருத்தியபின் விட்டுவிட வேண்டியவை: ஓரத்துக் கொடியின் ஓர் இலை, திரைச்சீலையின் ஒரு மடிப்பு, மயிரிழை அளவு வேறுபாடுகள். கண்களை எழுதப் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கிறார். அன்று எழுதியபின் இரண்டே முறை திருத்தலாம். பிறகு விளக்கேற்றி, பிழை பொறுக்க வேண்டி, படத்தைத் துணியால் மூடிவிடுகிறார். மறுநாள் அது உரியவர் இல்லம் சேர வேண்டும். சொன்ன நாளுக்கு ஒருவாரம் முன்னதாகவே இந்த நாளைக் குறித்துக்கொள்வதால், தவணை தவறுவதில்லை. சுவரில் சாய்ந்திருந்த ஐந்து படங்களும் அடுத்த தீபாவளிக்குள் வீடு சேர்ந்தன.

நம் இல்லங்களிலும் மகளோ மருமகளோ பேரனோ பொம்மை செய்தும், துணியில் தையல் வேலை செய்தும், ஓவியம் தீட்டியும் தொழில் நடத்தக்கூடும். அவர்கள் தம் வேலையை நம்மிடம் காட்டும்போது முதற்சொல்லாகக் குறையைச் சொல்லாதிருப்பது பெரியோர் செய்யும் பேருதவி. “என்றைக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாய்?” என்று அன்போடு ஒருமுறை கேட்டால் போதும்.

அந்தப் பட்டாபிஷேகப் படம் பெரியவரின் பூஜை அறையில் இருக்கிறது. இப்போது அவருக்குப் பார்வை அநேகமாக இல்லை. காலையில் நீராடி வந்து, புடைப்பாக எழுப்பிய மகுடத்தையும் மாலையையும் விரலால் வருடி, கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். பிராட்டியின் கண்கள் வண்ணத்தால் எழுதியவை. விரலுக்கு அவை எட்டுவதில்லை. பங்குனி தொடங்கிப் பார்வை மங்கும்வரை இருந்த சில மாதங்களில்தான் அவற்றை அவர் கண்டார்.

அந்தச் சில மாதங்களோடு இன்னும் இரண்டு மாதங்களைச் சேர்த்துத் தந்திருக்கலாமே என்பதுதான் அம்மையாருக்கு இன்றும் ஆறாத குறை. அதை எண்ணித்தான் ஒவ்வொரு படத்தையும் சொன்ன நாளில் கொடுத்தனுப்புகிறார்.