குவாமே நிக்ரூமா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளியீடுகள்

குவாமே நிக்ரூமா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்பது மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் குமாசி நகரில் அமைந்துள்ள அரசுப் பல்கலைக்கழகம் ஆகும். பொறியியல், மருத்துவம், மருந்தியல், வேளாண்மை, கட்டடக்கலை முதலிய துறைகளில் இங்கு கற்பித்தலும் ஆய்வும் நடைபெறுகின்றன. ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளியீடு பொதுவாக ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. குமாசியில் நடந்த ஆய்வுகளைப் பார்க்கும்போது, அந்த எண்ணிக்கைக்குள் அடங்காத பயன்களும் உண்டு என்பது தெளிவாகிறது.

வரலாறு

கானா அன்று கோல்டு கோஸ்ட் என்ற பெயரில் பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்தது. 1951 அக்டோபர் 6 அன்று பிறப்பிக்கப்பட்ட சட்ட ஆணையின்படி குமாசி தொழில்நுட்பக் கல்லூரி நிறுவப்பட்டது. 1952 சனவரி 22 அன்று அது முறையாகத் திறக்கப்பட்டது. அச்சிமோட்டா கல்லூரியிலிருந்து மாற்றப்பட்ட 200 ஆசிரியர் பயிற்சி மாணவர்களே அதன் முதல் மாணவர்கள். பொறியியல் பள்ளி அதே ஆண்டில் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலாளரான கோஃபி அன்னான் இக்கல்லூரியில் பயின்றவர்.

கானா 1957இல் விடுதலை பெற்றது. 1961இல் கல்லூரி முழுமையான பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டு, நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் குவாமே நிக்ரூமாவின் பெயரைப் பெற்றது. 1966இல் இராணுவப் புரட்சியால் அவர் பதவி இழந்ததும் அப்பெயர் நீக்கப்பட்டது; 1998இல் மீண்டும் சேர்க்கப்பட்டது.

ஆய்வு வெளியீடு என்பதன் பொருள்

ஆய்வின் வழியாகக் கிடைக்கும் அறிவு பிறருக்குப் பயன்படும் வடிவில் வெளிவருவதே ஆய்வு வெளியீடு. ஆய்விதழ்க் கட்டுரை, முதுகலை மற்றும் முனைவர் பட்ட ஆய்வேடு, நூல், காப்புரிமை ஆகியவை இதில் அடங்கும். ஒரு நோய்க்கான சிகிச்சை விதி மாறுவது, ஒரு பட்டறையில் புதிய கருவி உருவாவது ஆகியவையும் ஆய்வின் விளைவுகளே. முன்னவற்றை எண்ணிவிடலாம். பின்னவற்றை எண்ணுவது கடினம்.

புரூலிப் புண்: ஊசியிலிருந்து மாத்திரைக்கு

புரூலிப் புண் என்பது மைக்கோபாக்டீரியம் அல்சரன்ஸ் என்ற பாக்டீரியாவால் உண்டாகும் தோல் நோய். காசநோய், தொழுநோய் ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. உகாண்டாவில் உள்ள புரூலி என்ற பகுதியின் பெயரால் இந்நோய் அழைக்கப்படுகிறது. கானா உள்ளிட்ட மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் சிற்றூர்களில் இது காணப்படுகிறது. பாதிக்கப்படுவோரில் பலர் சிறுவர்கள். முதலில் வலியில்லாத சிறு கட்டி தோன்றும். பாக்டீரியா சுரக்கும் மைக்கோலாக்டோன் என்ற நச்சு, திசுக்களை அழிப்பதோடு வலி உணர்வையும் மழுங்கச் செய்கிறது. இதனால் நோயாளி தாமதமாகவே மருத்துவமனைக்கு வருகிறார். அதற்குள் பெரிய புண் உண்டாகிவிடக்கூடும். ஆறிய பின்னும் கை, கால் மூட்டுகள் மடங்காமல் போகக்கூடும்.

முன்பு அறுவை சிகிச்சையே முதன்மையான வழியாக இருந்தது. 2004இல் உலக சுகாதார அமைப்பு, ரிஃபாம்பிசின் மாத்திரையுடன் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை 8 வாரங்களுக்குத் தரப் பரிந்துரைத்தது. நாள்தோறும் ஓர் ஊசி என்றால் மொத்தம் 56 ஊசிகள். ஊசி போட்டுக்கொள்ள நோயாளி நாள்தோறும் மருத்துவ நிலையத்துக்குச் செல்ல வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின் செவித்திறனைப் பாதிக்கக்கூடிய மருந்தும்கூட.

ஊசிக்குப் பதிலாக கிளாரித்ரோமைசின் மாத்திரையைத் தரலாமா என்பதை அறிய, கானாவிலும் பெனினிலும் ஒரு மருத்துவச் சோதனை நடத்தப்பட்டது. குமாசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் முன்னணிப் பங்கு வகித்தனர். நோய் ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்ட 297 பேரில், ஊசி பெற்ற பிரிவில் 95 விழுக்காட்டினருக்கும் மாத்திரை மட்டும் பெற்ற பிரிவில் 96 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் புண் ஆறியது. இம்முடிவுகள் 2020இல் லான்செட் ஆய்விதழில் வெளியாயின. இன்று இரு மாத்திரைகளும் சேர்ந்த சிகிச்சையே பரிந்துரைக்கப்படுகிறது. கட்டுரைப் பட்டியலில் இந்த ஆய்வு ஒரே ஒரு வரிதான். நோயுற்ற சிறுவனுக்கோ அதன் பொருள் 56 ஊசிகள் தேவையில்லை என்பதாகும்.

மலேரியா ஆய்வுகள்

பல்கலைக்கழக வளாகத்தில் வெப்பமண்டல மருத்துவக் கூட்டு ஆய்வுக்கான குமாசி மையம் இயங்குகிறது. கானா சுகாதார அமைச்சகம், இப்பல்கலைக்கழகம், செருமனியின் ஆம்பர்க் நகரிலுள்ள பெர்னார்ட் நோக்ட் நிறுவனம் ஆகியவை சேர்ந்து 1990களின் பிற்பகுதியில் இதை உருவாக்கின.

ஆர்.டி.எஸ்.,எஸ் என்ற மலேரியாத் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2009 முதல் 2014 வரை 7 ஆப்பிரிக்க நாடுகளில் 11 இடங்களில் நடைபெற்றது. மொத்தம் 15,459 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். கானாவின் இரு இடங்களில் ஒன்றான அகோகோவில், குமாசி பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வாளர்கள் பணியாற்றினர். 5 முதல் 17 மாதக் குழந்தைகளுக்கு நான்கு தவணைகள் தரப்பட்டபோது, நான்கு ஆண்டுகளில் மலேரியா நேர்வுகள் ஏறத்தாழ 36 விழுக்காடு குறைந்தன. 2019இல் கானா, கென்யா, மலாவி ஆகிய நாடுகளில் முன்னோட்டமாக இத்தடுப்பூசி அறிமுகமானது. 2021 அக்டோபரில் உலக சுகாதார அமைப்பு இதைப் பரவலாகப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது.

மரபு மருத்துவமும் இங்கு ஆராயப்படுகிறது. கானாவில் மலேரியாக் காய்ச்சலுக்குப் பயன்படுத்தப்படும் நிபிமா என்ற கொடியின் வேரில் கிரிப்டோலெபைன் என்ற வேதிப்பொருள் உள்ளது. மருந்தியல் துறையினர் இதன் பயனையும் நச்சுத்தன்மையையும் ஆராய்ந்துள்ளனர். இரண்டையும் அறிந்தால்தான் பாதுகாப்பான அளவை முடிவு செய்ய முடியும்.

பட்டறைகளுக்குச் சென்ற ஆய்வு

குமாசியின் சுவாமே மேகசின் என்ற பகுதி, ஆயிரக்கணக்கான வண்டி பழுதுபார்ப்போரும் உலோகத் தொழிலாளரும் வேலை செய்யும் இடம். மேகசின் என்ற சொல் இங்கு இதழைக் குறிப்பதன்று. படைக்கலக் கிடங்கைக் குறிக்கிறது.

1972இல் பல்கலைக்கழகம் தொழில்நுட்ப ஆலோசனை மையத்தைத் தொடங்கியது. சோப்புத் தயாரிப்பு, திருகாணி உற்பத்தி போன்ற சிறுதொழில்களை வளர்ப்பது அதன் பணிகளுள் ஒன்று. வளாகத்துக்குள் இருந்தபடி ஆலோசனை கூறுவது போதவில்லை. எனவே 1980இல் சுவாமே பகுதியிலேயே ஒரு தொழில்நுட்பப் பரிமாற்றப் பிரிவு அமைக்கப்பட்டது. கடைசல் எந்திரம் போன்றவற்றை இயக்கும் பயிற்சி கைவினைஞர்களுக்கு அங்கே கிடைத்தது. இம்முறையைப் பிற மாவட்டங்களுக்கும் கொண்டுசெல்ல 1987இல் கானா அரசு கிராட்டிஸ் என்ற அமைப்பை ஏற்படுத்தியது. பட்டறையில் ஒருவர் கற்றுக்கொண்ட திறனை எந்த மேற்கோள் பட்டியலும் பதிவு செய்வதில்லை.

அளவிடும் முறைகளும் அவற்றின் குறைகளும்

ஆய்வு வெளியீட்டை அளவிட ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ் போன்ற தரவுத்தளங்கள் பயன்படுகின்றன. எத்தனை கட்டுரைகள் வெளியாயின, அவை பிற கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பவற்றை இவை கணக்கிடுகின்றன. இக்கணக்கு பயனுள்ளதே. எனினும் மூன்று குறைகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, கூட்டாய்வு. பல நாட்டினர் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கிலும் சேரும். ஆய்வுக் கேள்வியை எழுப்பியவர் யார், மாதிரிகளை மட்டும் சேகரித்துத் தந்தவர் யார் என்பது எண்ணிக்கையில் தெரியாது. முதல் ஆசிரியராகவோ இறுதி ஆசிரியராகவோ உள்ளூர் ஆய்வாளர் இடம்பெறுகிறாரா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, உள்ளூர் இதழ்கள். ஆப்பிரிக்காவில் வெளியாகும் பல ஆய்விதழ்கள் பன்னாட்டுத் தரவுத்தளங்களில் இல்லை. இக்குறையைப் போக்க 1998இல் ஆப்பிரிக்க இதழ்கள் இணையத்தளம் தொடங்கப்பட்டது. குமாசி பல்கலைக்கழகத்தின் அறிவியல் தொழில்நுட்ப ஆய்விதழும் அதில் இடம்பெற்றுள்ளது.

மூன்றாவது, கட்டணம். சில இதழ்களைப் படிக்கப் பணம் கட்ட வேண்டும். திறந்த அணுக்க இதழ்கள் பலவற்றில் படிப்பது இலவசம் என்றாலும் வெளியிடுபவர் கட்டணம் செலுத்த வேண்டும். ஆய்வு நிதி குறைவாக உள்ள நாட்டின் ஆய்வாளருக்கு இரண்டுமே சுமைதான்.

திறந்த களஞ்சியம்

இச்சூழலில் பல்கலைக்கழகத்தின் மின்னணுக் களஞ்சியம் முக்கியத்துவம் பெறுகிறது. மாணவர்களின் ஆய்வேடுகளும் ஆசிரியர்களின் கட்டுரைகளும் இதில் இணையவழி வைக்கப்படுகின்றன. ஒரு சிற்றூரின் கிணற்று நீர், ஒரு சந்தையின் கழிவு, ஒரு மாவட்டத்தின் சாலை எனச் சிறு எல்லைக்குள் செய்யப்படும் ஆய்வுகள் பன்னாட்டு இதழ்களில் இடம்பெறுவது அரிது. ஆனால் அந்தச் சிற்றூரில் அடுத்து ஆய்வு செய்ய வருபவருக்கு அவையே முதல் ஆதாரம். நூலக அடுக்கில் ஒரே படியாக இருந்தால் அவற்றின் பயன் வளாகத்தோடு நின்றுவிடும்.

எனினும் களஞ்சியம் மட்டுமே எல்லாத் தடைகளையும் நீக்கிவிடாது. பல்கலைக்கழகத்தின் பயிற்று மொழியும் ஆய்வு மொழியும் ஆங்கிலமே. குமாசி மக்கள் அன்றாடம் பேசுவது அசாந்தி துவி மொழி. எனவே ஆய்வின் முடிவு நோயாளியையும் உழவரையும் பட்டறைத் தொழிலாளரையும் அடைய, அதை அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்லும் செவிலியர், வேளாண் அலுவலர், பயிற்சியாளர் ஆகியோர் தேவை. சுவாமேயில் வளாகத்தை விட்டு வெளியே வந்து பயிற்சி அளித்த முறை இதற்கு ஒரு முன்மாதிரி ஆகும்.