300 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திற்கும் சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திற்கும் இடையே, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. பயணிகள் விமானம் மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வரை செல்லக்கூடியது. தொலைவை வேகத்தால் வகுத்தால் இருபது நிமிடத்திற்குச் சற்று மேல் வரும். ஆனால், பயணச்சீட்டில் ஒரு மணி நேரத்திற்கும் அதிகமாகக் குறிப்பிடப்பட்டிருக்கும். ஏன் இந்த வேறுபாடு?

பயணச்சீட்டில் உள்ள நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் தன் நிறுத்துமிடத்தை விட்டு நகரும்போதே கணக்குத் தொடங்கிவிடுகிறது. மறுமுனையில் நிறுத்துமிடத்தில் வந்து நின்ற பிறகே முடிகிறது. ஓடுபாதை வரை மெதுவாக ஊர்ந்து செல்வதும், முன்னால் உள்ள விமானங்களுக்காகக் காத்திருப்பதும் இதில் அடங்கும். மேலும், 10,000 அடி உயரத்திற்குக் கீழே விமானங்கள் பொதுவாக மணிக்கு 460 கிலோமீட்டர் அளவிலேயே பறக்கின்றன. குறுகிய பயணத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிடும். முழு வேகத்தில் செல்ல வாய்ப்பே குறைவு.

சென்னையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். சாங்கியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். தொலைவு கிட்டத்தட்டப் பத்து மடங்கு. பயண நேரமோ ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரம் இரண்டு பயணங்களிலும் பெரிதாக மாறுவதில்லை. கூடுகிற தொலைவு முழுவதையும் விமானம் முழு வேகத்தில் கடந்துவிடுகிறது.

சென்னைப் பயணத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. சிங்கப்பூரில் காலை 9.00 மணிக்குப் புறப்படும் விமானம், சென்னை நேரப்படி 10.30க்குச் சேர்வதாகக் குறிக்கப்பட்டிருந்தால் பயணம் ஒன்றரை மணி நேரம் என்று எண்ணிவிடக்கூடாது. இந்திய நேரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அதையும் கூட்டினால்தான் நான்கு மணி நேரம் கிடைக்கும். திரும்பும்போது அதே வேறுபாட்டைக் கழிக்க வேண்டும்.

மீண்டும் கோலாலம்பூருக்கு வருவோம். அங்கே மருத்துவமனையில் இருக்கும் தாத்தாவைப் பார்க்க ஒரு குடும்பம் அவசரமாகக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விமானம்தான் விரைவு என்று யாரும் சொல்வார்கள். ஆனால், வீட்டிலிருந்து சாங்கிக்குச் செல்ல ஒரு மணி நேரம். விமானம் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே அங்கு இருக்க வேண்டும். பயணம் முடிந்ததும் குடிநுழைவுச் சோதனை, பெட்டிகளுக்கான காத்திருப்பு. சிப்பாங்கோ நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. விரைவு ரயிலில் சென்றாலும் ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். எல்லாவற்றையும் கூட்டினால் ஐந்து மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் நெரிசல் இல்லாத நாளில், காரில் கிளம்பியவர்கள் அதற்குள் மருத்துவமனை வாசலில் இருப்பார்கள்.