முதுகு நோவாமல் தோட்ட வேலை செய்தல்

முதுகு நோவு என்பது பயிர்த்தொழிலுடன் கூடப் பிறந்தது என்றும், அதைப் பொறுத்துக்கொள்வதே குடியானவன் விதி என்றும் நம்மவரில் பலர் எண்ணி வருகின்றனர். இவ்வெண்ணம் தவறு. பெரும்பாலும் நோவுக்குக் காரணம் தொழிலன்று. அதைச் செய்யும் முறையும், கையாளும் கருவியின் அளவுமே காரணமாம். உடலுக்கு ஏற்பக் கருவியை அமைத்துக்கொள்ள வேண்டுமேயன்றி, கருவிக்கு ஏற்ப உடலை வளைத்தலாகாது. இதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தென்காசி மாவட்டத்துப் பண்பொழியையும் அதைச் சுற்றிய கிராமங்களையும் உதாரணமாகக் கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருமலைக் கோயிலின் கீழே உள்ள இப்பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். ஆகவே கார், பிசானம் என்னும் இரு போக நெல்லும், தென்னையும், கொல்லைக் காய்கறிகளும் இங்குச் செழிக்கின்றன. ஆனால் மழை இரு முறை என்றால் களையும் இரு முறை. நடுகையும் களையெடுப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வதால், பல நாட்கள் தொடர்ந்து குனிந்தே வேலை செய்ய நேரிடுகிறது. அன்றாடக் கூலியை நம்பி வாழும் பெண்ணொருத்தி முதுகு நோவால் ஒரு வாரம் படுத்துவிட்டால், அவ்வாரம் அவள் வீட்டில் அடுப்பெரிவது எவ்வாறு? ஆதலின் இஃது உடல்நலத்தைப் பற்றிய பேச்சு மாத்திரமன்று, வயிற்றைப் பற்றியதுமாகும்.

நோவு உண்டாகும் விதம்

முதுகெலும்பு பல கணுக்களால் ஆயது. கணுவுக்குக் கணு மெத்தைபோன்ற வட்டு ஒன்று உண்டு. ஏற்றத்தில் துலாவின் நீண்ட கையிலுள்ள சால் நீரைத் தூக்குவதற்குக் குட்டைக் கையில் எவ்வளவு பாரம் வேண்டும் என்பதை நம் பெரியோர் அறிவர். குனியும்போது நம் உடலும் அத்தகைய துலாவாகிறது. தலையும் மார்பும் கைச்சுமையும் நீண்ட கையில் தொங்க, முதுகெலும்பை ஒட்டிய தசைகள் குட்டைக் கையிலிருந்து அவற்றை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பெல்லாம் வட்டின் மேலேயே அழுந்துகிறது.

ஜெர்மனி தேசத்து உல்ம் நகர ஆராய்ச்சியாளர்கள், ஒருவருடைய வட்டினுள் நுண்ணிய அளவு கருவியைச் செலுத்தி இவ்வழுத்தத்தை அளந்து 1999 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நேராக நிற்கையில் உள்ள அழுத்தத்தை ஒரு பங்கு என வைத்துக்கொண்டால், முன்னோக்கிக் குனிந்து நிற்கையில் அஃது இரண்டு பங்குக்கு மேலாயிற்று. முதுகை வளைத்து 20 கிலோ சுமையைத் தூக்குகையில் நாலரைப் பங்குக்கு மேல் ஏறியது. முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்துத் தூக்கியபோது சுமார் மூன்றரைப் பங்கோடு நின்றது. சுமை ஒன்றே, தூக்கிய விதமே வேறு.

குட்டைப் பிடியின் கதை

அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணத்தில் கீரைத் தோட்டங்களிலும் சர்க்கரைக் கிழங்கு வயல்களிலும் கூலியாட்கள் நெடுங்காலம் குட்டைப் பிடி கொண்ட களைக்கருவியையே பிடிக்க வேண்டியிருந்தது. நாள் முழுதும் இடுப்பை மடித்து வேலை செய்தோரில் பலர் முதுகு கெட்டுப்போயினர். நீண்ட பிடியிட்டால் பயிர் சேதமாகும் என்று தோட்டக்காரர்கள் வாதித்தனர். வழக்கு மாகாண உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பாதுகாப்பற்ற கருவி என்பதன் பொருளை அதிகாரிகள் மிகக் குறுக்கிவிட்டனர் என்று 1975 ஆம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்பாயிற்று. அவ்வாண்டிலேயே குட்டைப் பிடிக் கருவி விலக்கப்பட்டது. நீண்ட பிடியைக் கொண்டே பின்னர்ச் சாகுபடி நடந்தது.

இதற்கொப்ப ஒரு மாறுதலை நம் பக்கத்திலும் காணலாம். 2003-04 ஆம் ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் 100 விவசாயிகளின் வயல்களில் செம்மை நெல் சாகுபடியைச் சோதித்துக் காட்டினர். விளைச்சலைக் கருதி வந்த முறையாயினும், முதுகுக்கும் அதில் ஓர் அனுகூலம் உண்டு. நாற்றைச் சதுரமாக, வரிசை பிடித்து நடுவதால் வரிசைகளின் ஊடே உருளைக் களைக்கருவியை நின்றபடியே தள்ளிச் செல்லலாம். கருவி கனமாயிருப்பின் ஆட்கள் முறைவைத்துத் தள்ளுக. பிடியை அவரவர் உயரத்துக்குத் தக்கபடி மாற்றுக.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. களைக்கொத்துக்கு நீண்ட பிடி இடுக. நிமிர்ந்து நின்று வேலை செய்யக்கூடிய நீளமே சரியான நீளம். மண்வெட்டிக்குக் கணை போடும்போதும் வெட்டுகிறவரையே அழைத்துச் சென்று அளவு பார்த்துப் போடுவது நலம். கணவன் கருவி மனைவிக்குப் பொருந்தவேண்டும் என்பதில்லை.

2. இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து நின்று, இடுப்பில் கைவைத்து முதுகைச் சற்றுப் பின்னே சாய்க்க. குனிவது குற்றமன்று, குனிந்தே இருப்பதுதான் குற்றம். நடுகை, நாற்றுக் கட்டுதல், வரப்பு வேலை ஆகியவற்றை ஒருவருக்கே விடாமல் மாற்றி மாற்றிச் செய்க.

3. இரவில் படுத்திருக்கையில் வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். ஆகவே எழுந்தவுடன் குனிதல் அவற்றுக்கு ஆகாது. காலையில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாட்பட்ட முதுகு நோவு குறைந்ததென 1998 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. விடியற்காலையில் முதலில் நீர் திறத்தல், பந்தல் பார்த்தல் முதலியவற்றை முடித்து, ஒரு மணி நேரம் சென்றபின் களையில் இறங்குக.

4. கொல்லைப் பாத்தியில் வேலை செய்கையில் இடுப்பை மடிப்பதைவிட, ஒரு முழங்காலைச் சாக்கின்மேல் ஊன்றியோ, சிறு மணையில் அமர்ந்தோ செய்க. இயலுமாயின் பாத்தியை உயர்த்தியும், தொட்டிகளைத் திண்ணைமேல் வைத்தும் பயிரிடுக.

5. நீரை ஒரே கையில் நிறைவாளியாகச் சுமவாமல், இரு கைகளிலும் அரைவாளியாகக் கொண்டு செல்க. சுமையுடன் இடுப்பைத் திருகாமல், காலை எடுத்துவைத்தே திரும்புக.

மூட்டை விஷயத்தில் சர்க்காரும் ஓரளவு வழிகாட்டியுள்ளது. யூரியா மூட்டை 2018 ஆம் ஆண்டில் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோவாகப் பிடிக்கின்றனர். வீட்டில் எருவையும் தேங்காயையும் கட்டுகையில் இதனினும் சிறு மூட்டையாகக் கட்டினால் நட்டமில்லை. ஒரு நடை கூடும், அவ்வளவே.

நோவு கண்டபின்

குற்றாலத்து அருவியில் முதுகைக் காட்டினால் நோவு தீரும் என்று நம் பக்கத்தார் சொல்வதுண்டு. அப்போதைக்கு இதமாயிருக்கலாம். ஆயினும் மறுநாள் அதே குட்டைப் பிடியைப் பிடித்தால் நோவும் திரும்பி வரும். சாதாரண நோவுக்கு நாட்கணக்கில் படுத்துக்கிடப்பது தக்கதன்று. மெல்ல நடந்து, இலேசான வேலைகளைச் செய்து வருவதே நன்று. ஆனால் கால் மரத்தல் அல்லது வலுக்குறைதல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை, நோவுடன் காய்ச்சல் ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வரும் சாரலுக்கு முன் விதையையும் எருவையும் சேகரிக்கும் விவசாயிகள், தம் வீட்டுக் கருவிகளையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாக. நீண்ட பிடிக்குச் செலவாவது ஒரு கழியும் தச்சர் கூலியுமே. ஒரு வாரக் கூலியை இழப்பதனினும் அது மிகச் சொற்பம்.