பால்மரம் பலகையான கதை



விடியுமுன் வாளியும் உளியுமாக நிரைக்குப் போன பெற்றோரின் பிள்ளைகள் நாம். கோப்பெங் வட்டாரத்தில் பால்மரத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் பால் நின்ற பிறகு அந்த மரம் என்ன ஆயிற்று என்று கேட்டால், "விறகுக்குப் போயிற்று" என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். அது பாதிக் கதை. மீதிக் கதை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து முடிகிறது.

1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அடுத்த ஆண்டே நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. ஒரு மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை பால் தரும். பிறகு வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் செங்கற் சூளைக்கும் புகைக்கூடத்துக்கும் கரி சுடவும் போயிற்று. மிஞ்சியது நின்ற இடத்திலேயே எரிந்தது.

நல்ல வெளிர்நிறமும் ஓரளவு உறுதியும் உள்ள இந்த மரத்தை ஏன் எவரும் பலகையாக அறுக்கவில்லை? காரணம், அதனுள் இருக்கும் மாவுச்சத்து. வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணம் ஏறி மரம் நீலம் பாரிக்கும். அடுத்து, துளைக்கும் வண்டு முட்டையிடும். இதை நாமே பட்டுத் தெரிந்துகொண்டோம். தோட்டத்தில் வெட்டிப் போட்ட மரத்தை அறுத்து, பள்ளித் தாழ்வாரத்துக்கு ஒரு பெஞ்சு செய்தோம். ஓராண்டு முடிவதற்குள் பெஞ்சுக்கடியில் முகப்பவுடர் போல மாவு கொட்டியது. மாணவர்கள் அதைத் தொட்டு நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டார்கள்! பெஞ்சு மட்டும் உளுத்துப் போயிற்று.

இதற்கு மாற்று கண்டதில் கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெரும் பங்குண்டு. மருந்து ஒன்றும் புதிதன்று. நம் நாட்டு மருந்துக் கடைகளில் வெங்காரம் என்று கொடுப்பார்களே, அந்த இனத்துப் போரான் உப்புத்தான். மரத்தை வெட்டிய ஓரிரு நாட்களுக்குள் அறுத்து, பலகைகளை இரும்பு உருளைக்குள் அடுக்கி மூடுவார்கள். முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு உப்புக் கரைசலை அழுத்தத்துடன் செலுத்தினால் அது பலகையின் நடுவரை ஊறிவிடும். அதன்பின் சூளையில் ஈரம் பத்து விழுக்காட்டளவுக்கு இறங்கும்வரை உலர்த்துவார்கள். இம்முறை 1980களில் பரவ, மூவார் போன்ற ஊர்களில் மேசை நாற்காலித் தொழில் வளர்ந்தது.

காட்டு மரம் ஒன்றையும் இதற்காகச் சாய்க்க வேண்டியதில்லை. எப்படியும் வெட்டப்படவிருந்த மரம், பால் கொடுத்துத் தீர்த்த பிறகு பலகையாகிறது. ஆகவே வீட்டுக்குச் சாமான் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்கலாம். சில கடைகளில் 'மலேசிய ஓக்' என்பார்கள். அதுவும் நம் பால்மரமே. ஓக் மரத்துக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது.

மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிமரம் குட்டையாதலால் சிறு துண்டுகளை விரல் கோத்தாற்போல் இணைத்து ஒட்டியிருப்பார்கள். அது குறையன்று. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை வேறு. ஈரம் பட்டால் அது உப்பிவிடும். புதிதாக வாங்கியதும் கண்ணெரியும் நெடி வந்தால், பசையிலுள்ள பார்மால்டிஹைடு வெளிவருகிறது என்று பொருள். நெடி போகும்வரை சன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தைகளை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள்.

வெங்காரம் நீரில் கரையும் என்பதை மறக்கலாகாது. மழைபடும் வாசலில் பால்மர நாற்காலியைப் போட்டால் மருந்து கரைந்தோடும்; கறையான் வந்துவிடும். உட்புறத்துக்கு மட்டுமே அது ஏற்றது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பால்மரம் நின்ற தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. லயங்களும் காலியாயின. செம்பனை அடிமரத்தில் நீரும் மாவும் மிகுதி. அதை எளிதில் பலகையாக்க முடியாது. பால்மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால், அறுத்த பலகையை ஏற்றுமதி செய்ய மலேசியா 2017 சூலை முதல் தடை விதித்தது.

எங்கள் தாழ்வாரத்தில் இப்போது வேறு பெஞ்சு இருக்கிறது. மருந்தூட்டிய பலகை வாங்கி, உள்ளூர்த் தச்சரிடம் கொடுத்துச் செய்தது. சாரல் படாமலிருக்கச் சுவரோரம் தள்ளிப் போட்டிருக்கிறோம்.