ஒரே அப்பம், ஒரே பாத்திரம்: திருவிருந்து ஜெபம் என்னதான் சொல்கிறது?

விருத்தாசலம் என்றதும் பெரியவர்களுக்குப் பழமலைநாதர் கோயில் ஞாபகத்துக்கு வரும். ரயிலில் அடிக்கடி போய் வருகிறவர்களுக்கு அது ஒரு ஜங்ஷன். தொழில் தெரிந்தவர்களுக்கு அது பீங்கான் ஊர். பீங்கான் தொழிற்பேட்டை, அந்தத் தொழிலைப் படிக்கவென்றே ஓர் அரசுக் கல்வி நிறுவனம், பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் களிமண் என்று எல்லாம் ஒரே சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது. பொம்மை, அகல் விளக்கு, ஜாடி, மின்சார வேலைக்கான பியூஸ் கட்டை, டீ குடிக்கிற கப் எனப் பல பொருட்கள் இந்தத் தொழிலில் உருவாகின்றன.

சூளையிலிருந்து வெளியே வரும் கப்புக்குச் சாதி கிடையாது. அது டீக்கடைப் பலகைக்குப் போன பிறகுதான் 'இது யாருக்கு, அது யாருக்கு' என்ற பேச்சு வரும். இரட்டைக் குவளை முறை தமிழ்நாட்டுக்குப் புதிய செய்தி இல்லை. ஒரே பாத்திரத்தில் வாய் வைத்து எல்லோரும் குடிப்பது என்பது இந்த மண்ணில் லேசுப்பட்ட காரியமாக இருந்ததே இல்லை.

அதைத்தான் ஒரு வழிபாடு திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறது. ஆங்கிலிக்கன் மரபிலும், அதன் வாரிசுகளில் ஒன்றான தென்னிந்தியத் திருச்சபையிலும் (சி.எஸ்.ஐ.) நடக்கும் திருவிருந்து ஆராதனை அது. ஆபீஸ் நண்பரின் குழந்தைக்கு ஞானஸ்நானம், ஈஸ்டர், கிறிஸ்துமஸ் என்று ஏதோ ஒரு நாளில் நீங்களும் போய் உட்கார்ந்திருக்கலாம். 'ஆயர் நீளமா ஏதோ படிக்கிறாரே, அது என்ன? நாமளும் எழுந்து போகணுமா?' என்று குழம்பியும் இருக்கலாம். அந்த ஜெபத்தின் பொருளையும், அதற்காகத் தமிழ்நாட்டில் நடந்த சண்டையையும் பார்க்கலாம்.

பெயரிலேயே இருக்கு பொருள்

கத்தோலிக்கர்கள் 'நற்கருணை', 'திருப்பலி' என்பார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் 'திருவிருந்து'. பழைய வழக்கில் 'இராப்போஜனம்'. ஆங்கிலத்தில் வழங்கும் 'யூகரிஸ்ட்' என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'நன்றி செலுத்துதல்' என்று பொருள். மேஜையில் அப்பத்தையும் திராட்சரசத்தையும் வைத்துக்கொண்டு ஆயர் சொல்லும் அந்த நீண்ட ஜெபம் அடிப்படையில் ஒரு நன்றி ஜெபம்தான்.

இன்றைய வடிவத்தில் அதைச் சுருக்கமாக இப்படிப் பிரிக்கலாம்:

- அழைப்பு: இருதயத்தை மேலே உயர்த்தச் சொல்லி ஆயர் அழைக்க, சபையார் பதில் சொல்வார்கள். தொடக்கமே உரையாடல்தான்.
- நன்றி: படைப்புக்காகவும், இயேசுவின் வாழ்வு, மரணம், உயிர்த்தெழுதலுக்காகவும் நன்றி சொல்வது. நடுவில் கடவுளை மூன்று முறை 'பரிசுத்தர்' என்று போற்றும் பகுதி வரும்.
- அந்த இரவின் கதை: காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் இயேசு அப்பத்தைப் பிட்டதையும் பாத்திரத்தைக் கொடுத்ததையும் சொல்வது.
- நினைவுகூர்தலும் வேண்டுதலும்: அவருடைய மரணத்தை நினைத்து, தூய ஆவியின் செயலை வேண்டி, பங்குபெறுகிறவர்கள் ஒன்றாக வேண்டும் என்று கேட்பது.
- ஆமென்: இது சபையின் சொல். 'எங்களுக்கும் இதில் சம்மதம்' என்று கையெழுத்துப் போடுவது மாதிரி.

கவனிக்க வேண்டிய விஷயம், ஜெபம் முழுக்க 'நாங்கள்' என்றே போகிறது. ஆயர் தனக்காகத் தனியாக ஜெபிக்கவில்லை. கூடியிருப்பவர்கள் எல்லோருடைய வாயாகவும் நின்று பேசுகிறார்.

திட்டில் வந்த வாசகம்

அந்த இரவின் கதைக்கு ஒரு பின்னணி உண்டு. பைபிளில் அது வரும் இடங்களில் ஒன்று, கொரிந்து ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதம், 11-ஆம் அதிகாரம். அங்கே பவுல் இறையியல் பாடம் நடத்தவில்லை, திட்டுகிறார். கொரிந்துவில் வசதியானவர்கள் முதலில் சாப்பிட்டு, குடித்து முடித்துவிடுகிறார்கள். இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். 'இதற்குப் பெயர் கர்த்தருடைய பந்தியா?' என்கிற தொனியில் கேட்டுவிட்டுத்தான் இயேசுவின் கடைசி விருந்தை அவர் நினைவுபடுத்துகிறார்.

நம் ஊர் மொழியில் சொன்னால் அது ஒரு பந்திப் பிரச்சினை. ஆயர் இன்றைக்கு மேஜை முன் சொல்லும் வாசகம், பந்தியில் பாரபட்சம் காட்டியவர்களைக் கண்டித்த கடிதத்திலும் இருக்கிறது.

உடலா, நினைவா?

இங்கிலாந்தில் தாமஸ் கிரான்மர் தலைமையில் முதல் ஆங்கில ஜெபப் புத்தகம் 1549-ல் வந்தது. அப்பம் கொடுக்கும்போது சொல்லும் வார்த்தை அதில் 'கிறிஸ்துவின் உடல்' என்பதை முன்னால் வைத்தது. 1552 பதிப்பில் அது மாறி, 'நினைவாக எடுத்துக்கொள், விசுவாசத்தோடு உண்' என்ற கருத்துக்கு வந்தது. முதலாவது கத்தோலிக்கப் பக்கம் சாய்ந்தது. இரண்டாவது சீர்திருத்தப் பக்கம்.

எலிசபெத் அரசி காலத்தில், 1559-ல், இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து ஒட்டிவிட்டார்கள். 1662 புத்தகத்திலும் அப்படியே தொடர்கிறது. 'அப்பம் பொருளளவில் அப்படியே மாறிவிடுகிறது' என்ற விளக்கத்தை ஆங்கிலிக்கன் சபையின் 39 கட்டளைகளில் 28-ஆவது ஏற்கவில்லை. ஆனால் 'வெறும் அடையாளம்தான்' என்றும் அது சொல்லவில்லை. கிறிஸ்து இங்கே எப்படி இருக்கிறார் என்பதைப் பிடிவாதமாக வரையறுக்காமல், அவரைப் பெற்றுக்கொள்கிறோம் என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். வெவ்வேறு கருத்துள்ளவர்கள் ஒரே மேஜைக்கு வர முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பாத்திரம் பற்றியும் ஒரு தீர்ப்பு உண்டு. ஐரோப்பாவில் 1415 கான்ஸ்டன்ஸ் சங்கத்துக்குப் பிறகு, பொதுமக்களுக்கு அப்பம் மட்டும், பாத்திரம் குருவுக்கு மட்டும் என்பது உறுதியாகிவிட்டது. 39 கட்டளைகளில் 30-ஆவது அதை மறுத்து, பாத்திரத்தைச் சாதாரண மக்களுக்கு மறுக்கக் கூடாது என்றது.

கீழே விழும் துணுக்கு

ஆங்கிலிக்கன் மரபுக்கே உரிய ஒரு சின்ன ஜெபமும் உண்டு. திருவிருந்தில் பங்குபெறும் முன் தாழ்மையோடு சொல்வது. முதலில் 1548-ல் வந்தது. அதன் சாரம்: 'எங்கள் தகுதியை நம்பி வரவில்லை; உமது மேஜையிலிருந்து விழும் துணுக்கைப் பொறுக்கக்கூட நாங்கள் பாத்திரர் இல்லை; ஆனாலும் நீர் இரங்குகிறவர்.'

இந்தத் துணுக்கு எங்கிருந்து வந்தது? சுவிசேஷங்களில் யூதரல்லாத ஒரு பெண், நோயுற்ற மகளுக்காக இயேசுவிடம் வருகிறாள். பிள்ளைகளின் அப்பம் வெளியாருக்கு இல்லை என்ற பேச்சு எழுகிறது. மேஜையிலிருந்து விழும் துணுக்காவது கிடைக்காதா என்று அவள் மடக்கிக் கேட்கிறாள். அவள் கேட்டது கிடைக்கிறது.

'வெளியே நில்' என்று சொல்லப்பட்ட அந்தப் பெண்ணின் பேச்சைத்தான் இந்த ஜெபம் ஒவ்வொருவர் வாயிலும் வைக்கிறது. நிலக்காரரும் சொல்ல வேண்டும், அவர் வயலில் வேலை செய்பவரும் சொல்ல வேண்டும். பிறப்பால் இந்த மேஜைக்கு யாருக்கும் உரிமை இல்லை; எல்லோரும் வெளியிலிருந்து கூப்பிடப்பட்டவர்களே. திருவிருந்து ஜெபத்தின் மையம் எது என்று கேட்டால் இதைச் சொல்லலாம்.

ஜெபம் ஒன்று, கோப்பை வேறு

இப்படி ஜெபித்த தமிழ்ச் சபைகளில் நடைமுறை எப்படி இருந்தது? கல்கத்தா பேராயராக இருந்த டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளின் நிலையைப் பதிவு செய்திருக்கிறார். சாதிக்கொரு பாய், சாதிக்கொரு பக்கம் என்று உட்கார்ந்தார்கள். திருவிருந்துக்கும் வேறு வேறு நேரத்தில் வந்தார்கள். ஒரு காலத்தில் தனித்தனிப் பாத்திரமே இருந்தது. இல்லையென்றால் 'கீழே' எனப்பட்டவர்கள் வருவதற்குள் பாத்திரத்தை மாற்றிவிடும் ஏற்பாடு இருந்தது.

1833-ல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வேறுபாட்டைத் தயக்கமில்லாமல், தாமதமில்லாமல், முற்றாக விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். அவர்கள் வைத்த வாதம் இன்றும் காதில் விழுகிற வாதம்தான்: 'சாதி சமூக வழக்கம், மதத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.' சாதி விஷயத்தில் அவ்வளவு கறார் காட்டாத லைப்சிக் லுத்தரன் மிஷன் பக்கம் பிற்பாடு போனவர்களும் உண்டு.

கடலூர்ப் பக்கத்துக் கதை

இந்தச் சண்டை விருத்தாசலம் இருக்கும் இதே மாவட்டத்திலும் ஒரு தடம் விட்டிருக்கிறது. கார்ல் ஓக்ஸ் என்ற லைப்சிக் மிஷனரி, சாதிக்கு இவ்வளவு இடம் கொடுப்பதை ஏற்க முடியாமல் தன் மிஷனையே விட்டு விலகினார். 1860-களில் நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் உள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் புதிதாகப் பணியைத் தொடங்கினார். டேனிஷ் மிஷனரி சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பணியில் வேர் விட்டதுதான், கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை.

இது லுத்தரன் மரபு, ஆங்கிலிக்கன் இல்லை. ஆனால் கேள்வி ஒன்றேதான். 'நாங்கள்' என்று ஜெபித்துவிட்டு, நேரம் வந்ததும் 'நாங்கள் வேறு, அவர்கள் வேறு' என்று பிரிய முடியுமா?

1947-க்குப் பிறகு

சுதந்திரம் கிடைத்து ஆறு வாரத்தில், 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. தனித்தனி மேஜை வைத்திருந்தவர்களுக்கு ஒரே மேஜை ஜெபம் தேவைப்பட்டது. 1950-ல் அது வெளிவந்தது. 1963-ல் முழு ஆராதனைப் புத்தகமும் வந்தது.

அதில் மூன்று மாற்றங்கள் முக்கியமானவை. ஆயர் மேஜைக்குப் பின்னால், மக்களைப் பார்த்து நிற்கலாம். நீண்ட ஜெபத்தின் நடுவே சபையாரும் குரல் கொடுப்பார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவ மரபிலிருந்து எடுத்த 'சமாதானம்' பகிர்தல் உண்டு: மேஜையில் தொடங்கி, கையிலிருந்து கைக்கு அது சபை முழுக்கப் போகும். உலகின் பல சபைகள் பின்னாளில் தங்கள் வழிபாட்டைத் திருத்தியபோது இந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

பக்கத்தில் இருப்பவர் கையைத் தொடாமல் இந்த ஜெபத்தைச் சொல்ல முடியாது. தீண்டாமை இருந்த நாட்டில் அந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. அதற்காக எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. தனிக் கல்லறை, சாதி பார்த்து நடக்கும் சபைத் தேர்தல், சாதிக்குள்ளேயே கல்யாணம் போன்ற புகார்கள் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்தில் இன்றும் உண்டு. அவற்றை எதிர்ப்பவர்கள் கையில் இருக்கும் வலுவான சாட்சிகளில் ஒன்று, இதே ஜெபம்.

பீங்கான் பாத்திரம் கூடாதா?

1603 ஆங்கிலிக்கன் விதி, திராட்சரசம் கொண்டுவரும் பாத்திரம் குறைந்தது பியூட்டர் உலோகமாவது இருக்க வேண்டும் என்றது. 2004 வத்திக்கான் ஆவணம் ஒன்று, கண்ணாடி, களிமண் மாதிரி எளிதில் உடையும் பாத்திரம் கூடாது என்கிறது. ஆங்கிலிக்கன் உலகில் இன்று பீங்கான் பாத்திரம் வைத்திருக்கும் ஆலயங்களும் உண்டு.

2020 கொரோனா காலத்தில் வேறு கேள்வி வந்தது. இங்கிலாந்து திருச்சபை அந்த மார்ச்சில் பொதுப் பாத்திரத்தை நிறுத்தச் சொன்னது. அப்பத்தை ரசத்தில் தோய்த்துக் கொடுப்பது, ஆளுக்கொரு சின்ன கப் என்று பல வழிகள் உள்ளன. சின்ன கப் அமெரிக்காவில் 1890-களிலேயே வந்துவிட்டது. சுகாதாரத்துக்காகத் தனி கப் வைப்பதும், சாதிக்காகத் தனி கப் வைப்பதும் ஒன்றல்ல. எல்லோருக்கும் ஒரே விதி என்றால் அது எச்சரிக்கை. சிலருக்கு மட்டும் என்றால் அது ஒதுக்கிவைப்பு.

சரி, நீங்கள் போனால்?

சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பொதுவாக, ஞானஸ்நானம் பெற்றுத் திடப்படுத்தலும் முடித்தவர்கள் திருவிருந்தில் பங்குபெறுவார்கள். நீங்கள் விருந்தினர் என்றால் இடத்திலேயே அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சில ஆலயங்களில் முன்னால் போய் ஆசீர்வாதம் மட்டும் பெறலாம். சந்தேகம் இருந்தால் அழைத்த நண்பரிடமே கேட்டுவிடுங்கள். 'சமாதானம்' சொல்லிக் கை நீட்டினால் தாராளமாகக் கை கொடுங்கள்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒன்றை மட்டும் கவனியுங்கள். வரிசையில் முன்னால் நிற்பவர் யார், பின்னால் நிற்பவர் யார் என்று பார்க்காமல் பாத்திரம் நகர்கிறதா? நகர்ந்தால், ஆயர் சற்று முன் சொன்ன ஜெபத்துக்கு அந்த வரிசையே 'ஆமென்' சொல்கிறது என்று அர்த்தம்.