தரைக்கு அடியில் விரிப்பு மட்டும் போதுமா?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வால் கருங்கல் பூமி. அந்தக் கல்லில் சிறிதளவு கலந்திருக்கும் யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடான் வாயுவாகிறது. நிறமோ மணமோ இல்லாத இந்தக் கதிரியக்க வாயு திறந்தவெளியில் காற்றோடு கலந்து நீர்த்துவிடும். வீட்டுக்குள் தேங்கினால்தான் வினை. அங்கே அது சிதைந்து உண்டாகும் பொலோனியம் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் படிந்து, ஆல்பா துகள்களால் திசுக்களைத் தாக்குகிறது. பிரிட்டனில் ஆண்டுக்குச் சுமார் 1,100 நுரையீரல் புற்றுநோய் மரணங்களில் ரேடானுக்குப் பங்கிருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ரேடான் நடுத்தரமாக உள்ள பகுதிகளில் புது வீட்டின் தரைக்கு அடியில் காற்றுப் புகாத பாலித்தீன் விரிப்பு போட்டால் போதும் என்கின்றன இங்கிலாந்தின் கட்டட நெறிமுறைகள். மிகுதியான பகுதிகளில்தான் வாயுவை வெளியேற்றும் ஏற்பாட்டையும் கேட்கின்றன. அந்த இரண்டாவது ஏற்பாடு எல்லாப் புது வீடுகளுக்கும் வேண்டும்.

ரேடான் தானாக மேலே ஏறி வருவதைவிட, வீடே அதை இழுத்துக்கொள்வதுதான் அதிகம். குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்கும்போது வெப்பக் காற்று மேலெழுந்து கூரைப் பக்கமாகக் கசிகிறது. கீழ்த்தளத்தில் அழுத்தம் சில பாஸ்கல் குறைகிறது. ஒரு பாஸ்கல் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் மண்ணிடுக்கில் இருக்கும் வாயுவை உறிஞ்சி எடுக்க அந்தச் சிறு வித்தியாசமே போதுமானது. ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள் என்பதால், சிதைவதற்குள் உள்ளே நுழைய அதற்கு அவகாசமும் இருக்கிறது. விரிப்போ 0.3 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. கம்பி கட்டும்போது அதன்மேல் ஆட்கள் நடக்கிறார்கள்; தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் அதைத் துளைத்துக்கொண்டு போகின்றன. ஓர் இடத்தில் ஒட்டு விட்டாலும், உறிஞ்சும் அழுத்தம் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே, ஓட்டையை அடைப்பதோடு அழுத்தத்தையும் திருப்பிவிட வேண்டும். தரைக்கு அடியில் ஜல்லிப் படுகையில் ஒரு சிறு குழி, அதிலிருந்து வெளியே ஒரு குழாய், தேவைப்பட்டால் ஒரு மின்விசிறி. விசிறி ஓடும்போது தரைக்கு அடியிலுள்ள அழுத்தம் அறையைவிடக் குறைகிறது. விரிப்பில் கிழிசல் இருந்தாலும் காற்று அறையிலிருந்து கீழ்நோக்கித்தான் போகும்.

சன்னலைத் திறந்து வைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். திறந்திருக்கும்வரை பலன் உண்டு. கார்ன்வாலின் குளிர்கால இரவில் யார் திறந்து வைப்பார்கள்? மாடிச் சன்னலை மட்டும் திறந்தாலோ, உறிஞ்சல் கூடவும் செய்யலாம். யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்களைப் பார்த்துச் செய்த அபாயக் கணக்கை வீடுகளுக்குப் பொருத்துவது மிகை என்பது இன்னும் கனமான ஆட்சேபணை. ஆனால் ஐரோப்பாவில் வீடுகளை வைத்தே நடந்த 13 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2005இல் வெளியிட்டார்கள். காற்றில் ரேடானின் கதிரியக்கம் கன மீட்டருக்கு 100 பெக்கரல் கூடும்போது நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 16 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. 200 பெக்கரலுக்குக் கீழேயும் அந்த ஏற்றம் காணப்பட்டது. புகைபிடிப்பவருக்கு இந்த ஏற்றம் மிகப் பெரிய சுமை, ஏனென்றால் அவருடைய அடிப்படை அபாயமே பல மடங்கு. செலவு என்ற மறுப்பும் நிற்பதில்லை. அயர்லாந்தில் 1998 முதல் எல்லாப் புது வீடுகளுக்கும் குழியும் குழாயும் கட்டாயம். ரேடான் மிகுந்த பகுதிகளில் விரிப்பும் சேர்த்து. கட்டும்போதே செய்தால் அது சில்லறை வேலை. பிறகு செய்வதென்றால் தரையையோ சுவரின் அடியையோ துளைக்க வேண்டும். விசிறியைக்கூட முதலிலேயே பொருத்த வேண்டியதில்லை. குழாயை மூடி வைத்துவிட்டு, குடிபோன பின் வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் அளவிகளை மூன்று மாதம் வைத்துப் பார்த்து, அளவு மிஞ்சினால் மட்டும் விசிறியைப் பொருத்தலாம்.