மூலமும் இயக்கமும்: தொகுப்பு மொழிகளை நேரடியாக இயக்குதல்

கணினிக்கென எழுதப்படும் மூலநிரலை மனிதர் வாசிக்கலாம்; பொறி அதனை நேரே விளங்கிக்கொள்வதில்லை. இவ்விடைவெளியைக் கடக்க மரபான வழிகள் இரண்டு. கொம்பைலர் எனப்படும் தொகுப்பி, நிரல் முழுவதையும் முன்கூட்டியே பொறிமொழிக்கு மாற்றித் தனிக் கோப்பாகத் தரும். இன்ரப்பிரற்றர் எனப்படும் வரிமொழிமாற்றி, மூலத்தைப் படித்தவாறே இயக்கும்.

ஈழத்துச் சைவக் கோயில்களின் புராண படனத்தை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு எளிதிற் புலனாகும். ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றவர் உடனுக்குடன் பயன் சொல்வார்; மூலம் எப்பொழுதும் அவையின் முன் நிற்கும். வரிமொழிமாற்றியின் தொழிற்பாடு இத்தகையதே. புராணத்தை வசனமாக்கி நூலாக வெளியிடுதல் தொகுப்பியின் செயலை ஒக்கும். அந்நூல் மூலமின்றியே வழங்கும்.

டெனிஸ் ரிச்சி பெல் ஆய்வகத்தில் 1972 அளவில் உருவாக்கிய சி மொழியும் அதன் வழிவந்த சி++ மொழியும் தொகுப்பியைச் சார்ந்தவை. விரைவே அவற்றின் பெருநலன். ஆயினும் ஒரு வரியை மாற்றினும் மீண்டும் தொகுத்தே இயக்கல் வேண்டும். நாளும் திருத்தி நோக்கப்படும் சிறு நிரல்களுக்கு இது தடையாகும். எனவே ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான சேர்னில் 1990களில் தோன்றிய றூற் மென்பொருள், மசஹரு கோட்டோ ஆக்கிய சின்ற் என்னும் வரிமொழிமாற்றியைக் கைக்கொண்டது. சி++ நிரல்கள் முன்தொகுப்பின்றியே இயங்கலாயின. 2014இல் வந்த றூற் 6, சின்றுக்குப் பதிலாகக் கிளிங்கை ஏற்றது. கிளிங், இயக்கும் வேளையிலேயே பொறிமொழியாக்குவது. பபிரிஸ் பெலாரின் ரைனி சி தொகுப்பியும் நினைவகத்திலேயே தொகுத்து உடன் இயக்கவல்லது. கோப்பின் முதல் வரியில் அதனைச் சுட்டினால், யுனிக்ஸ் வகைத் தளங்களில் சி மூலநிரலே ஸ்கிரிப்ற் ஆகிவிடும். நுணுகி நோக்கின் இவ்விரண்டும் வரிமொழிமாற்றிகள் அல்ல. பயன்படுத்துவோர்க்குப் பயன் ஒன்றே.

இதனை வெறும் வசதியாகக் கொள்ளுதல் போதாது. மூலமும் இயங்கு கோப்பும் பிரிந்தமையே மென்பொருளை மூடுண்ட பண்டமாக விற்பதற்கு வழிசமைத்தது. விற்போர் இயங்கு கோப்பைத் தந்து மூலத்தை மறைக்கலாம். வாங்குவோர் பயன்படுத்தலாம், அறியவோ திருத்தவோ இயலாது. மூலமே இயங்குமிடத்து வாசிக்கப்படுவதும் செயற்படுவதும் ஒன்றாகின்றன. திருகோணமலைத் துறைமுக நகரை அண்டிய கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினியியல் பயிலும் மாணவர்க்கு இதன் கல்விப்பயன் பெரிது. பிறர் எழுதிய நிரலில் ஒரு வரியை மாற்றி, விளைவை உடனே காணலாம்.

எனினும் எல்லைகளும் உள. வரிமொழிமாற்றி பெரும்பாலும் மெதுவாக இயங்கும். தொகுப்பி முன்னரே சுட்டும் பிழைகள் பல, உரிய வரி இயங்கும்போதே வெளிப்படும். நம் நாட்டுப் பலரீனா மொழியின் வரலாறு இங்கு மனங்கொள்ளத்தக்கது. சஞ்சீவ வீரவரண முதலியோர் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் 2017இல் அதனை அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் தனக்கெனவுள்ள மெய்நிகர்ப் பொறியில் இயங்கிய அம்மொழி, 2019இன் முதற் பதிப்பில் ஜாவா இடைநிலை மொழிக்குத் தொகுக்கப்படலாயிற்று. இன்று தனிக் கோப்பை ஒரே கட்டளையால் இயக்கலாம், வரிவரியாகவும் சோதிக்கலாம். மூலநிரலும் யாவர்க்கும் திறந்துள்ளது. ஆனால் 2024இல் அந்நிறுவனம் சுவீடனின் ஈகியூரி முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று.

மூலம் கண்முன் இருத்தல் வேறு, உற்பத்திச் சாதனம் உழைப்போர் கையில் இருத்தல் வேறு என்பதை இது தெளிவுறுத்தும். மூலத்தைத் திறந்து வாசிக்கும் பழக்கத்தோடு, அதனை வளர்க்கும் உழைப்பு எவர் உடைமையாகின்றது என வினவும் பழக்கமும் நம் மாணவரிடை வளர்தல் வேண்டும்.